வண்டியின் மூக்கில் கொஞ்சம் கனம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரிதான், சாமி. ‘இந்த வண்டியின் மூக்கு இவ்வளவு லேசாக இருக்கக் கூடாது.’ அது வாய் வரை வந்துவிட்டது. நம் லாரி பாடி பட்டறையின் வாசலில், நீ எட்டு மாதம் உட்கார்ந்து கட்டிய கேரவன் வெள்ளையும் பச்சையுமாக நின்றிருந்தது. ஜீப்பின் பின்னால் அதை மாட்டுவதற்கு முன்பு, அதன் முன்முனையை, நீங்கள் மூக்கு என்று சொல்லும் அந்த இரும்பு முக்கோணத்தை, உன் அப்பா ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். “பாத்தியா, பூ மாதிரி இருக்குது” என்றார். நீ சிரித்தாய். இன்னும் பதினோரு நாளில் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற மேகலா கைதட்டினாள். நான் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

இப்போது நீங்கள் இருவரும் ராமேசுவரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே ஏதோ ஒரு கடலோரத்தில் இருப்பீர்கள். ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று வரும். இங்கே கோழித் தீவனக் காற்றுதான். போனில் பேசினால் உன் அம்மா நான் வழக்கம்போல “சாப்பிட்டாச்சா” என்று கேட்டுவிட்டு உன் அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கிற இடத்தில் என் பெயர் போடாமல் எழுதுகிறேன் என்பதை நீ மன்னிக்க வேண்டும். என் வயதில், என்னைப் போலவே எல்லாவற்றையும் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும் பெண்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்பத்திரண்டு வயதில் மாமியார் ஆகிவிட்டேன். கல்யாண மண்டபத்தில் இரண்டு பேர் என்னைப் பெண்ணின் அக்கா என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷம் இன்னும் தீரவில்லை. அந்தச் சூட்டிலேயே எழுதிவிடுகிறேன்.

கோயம்புத்தூர்க் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நீ பெட்டியோடு வந்து நின்ற நாள் நினைவிருக்கிறதா? “லாரிக்கு பாடி கட்டறது நீங்க கட்டுங்கப்பா. நான் இழுத்துட்டுப் போற ஊடு கட்டறேன்” என்றாய். உன் அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு போய், பட்டறையின் வடக்கு மூலையில் உனக்கு இடம் அளந்து கொடுத்தார். சட்டம் எழும்பி, தகடு அடித்து, ஜன்னல் வைத்தவுடன் தெருவில் போகிறவர்கள் எல்லோரும் நின்று கேட்டார்கள்: “எந்த நடிகருக்குங்க?” உன் அப்பா சளைக்காமல், “எம் பையனுக்குங்க. அவந்தான் நடிகன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரிகை அச்சாகும் முன்பே, கல்யாணம் முடிந்ததும் மேகலாவோடு இந்த வண்டியில்தான் முதல் பயணம் என்று நீ முடிவு செய்திருந்தாய். ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டும் அவளுடைய அப்பா, “ஊட்டையே கூட்டிட்டுப் போற மாப்பிள்ளை யாருக்குக் கெடைக்கும்” என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தார்.

கப்பலில் வந்த ஒரு நீளப் பெட்டியும் இருந்தது. நீதான் வரவழைத்தாய். அதில் இரண்டு தடித்த வில் கம்பிகள், சங்கிலிகள், பக்கவாட்டு ஆட்டத்தை அடக்கும் ஒரு உராய்வுப் பட்டை, ஒரு பெரிய கொக்கித் தலை, ஒரு கையேடு. உன் அப்பா கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல இரும்புதான். ஆனா இது நமக்கு எதுக்கு? முப்பது டன் லாரிய நிமித்தி வெக்கிறவன் நானு” என்றார். பெட்டி தகட்டு அடுக்குக்குப் பின்னால் போனது. கையேடு மட்டும் அலுவலக மேசைக்கு வந்தது, டீ டம்ளருக்கு அடியில் வைக்க. என் பழக்கம் உனக்குத் தெரியும். மளிகைப் பொட்டலத்தைக் கூடப் பிரித்துப் படிக்கிறவள். பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வெல்டிங் சத்தம் நிற்கும். அந்த அரை மணி நேரம் என்னுடையது. நான்கு மத்தியானத்தில் அந்தக் கையேட்டை முடித்தேன். புரியாத படங்களை இரண்டு தடவை பார்த்தேன்.

அதில் இருந்த விஷயம் எனக்குப் புதிதே இல்லை. நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். உனக்கு எட்டு வயது இருக்கும். மிச்சப் பலகையில் இரண்டு சக்கரம் வைத்து ஒரு வண்டி செய்து, உன் சைக்கிள் கேரியரில் கட்டி, “ஏறும்மா” என்றாய். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, வெட்கம் அவ்வளவாக இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு பலகையின் முன்பக்கம் உட்கார்ந்தேன். நீ மிதித்ததும் சைக்கிளின் முன் சக்கரம் தரையை விட்டு மேலே எழும்பியது. “பின்னால போம்மா!” என்று கத்தினாய். பின்னால் நகர்ந்தேன். முன் சக்கரம் இறங்கியது, ஆனால் இப்போது என் வண்டி நாய் வால் மாதிரி இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்து, நாம் இரண்டு பேரும் பெயிண்ட் டப்பாக்களுக்குள் போய் விழுந்தோம். கையேடு நாற்பது பக்கத்தில் சொன்னது அதைத்தான். மூக்கில் கனம் அதிகமானால் இழுக்கிற வண்டியின் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. மூக்கில் கனம் குறைந்து பின்னால் கூடினால், இழுபடுகிற வண்டி வால் ஆட்டும், ஆட்டம் கூடிக்கொண்டே போய் இரண்டையும் கவிழ்க்கும். ஆகவே மூக்கில் போதுமான கனம் வேண்டும். பிறகு, அந்தக் கனம் ஜீப்பின் பின் சக்கரத்திலேயே உட்கார்ந்துவிடாமல், முன் சக்கரத்துக்கும் கேரவனின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். பெட்டியில் இருந்த வில் கம்பிகளின் வேலை அதுதான்.

ஆனால் நம் ஊரில் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்தால் என்ன செய்வோம்? ஸ்பிரிங் பட்டை சேர்ப்போம். நீ முதல் தடவை கேரவனை மாட்டியபோது ஜீப்பின் பின்பக்கம் நான்கு விரல் இறங்கியது. உன் அப்பா மறு நாளே ஜீப்புக்குப் பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டார். ஜீப் நிமிர்ந்தது. பார்க்க நேராக இருந்தது, அவ்வளவுதான். கனம் இருந்த இடத்தில்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் நிமிரட்டும் என்று தண்ணீர்த் தொட்டியைக் கேரவனின் பின் மூலைக்கு, கட்டிலுக்கு அடியில், மாற்றச் சொன்னார். நீ மாற்றினாய். மூக்கு பூ மாதிரி ஆனது. முப்பது வருஷம் லாரிக்கு பாடி கட்டியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது, சாமி. லாரியில் எல்லாச் சுமையும் ஒரே முதுகின் மேல்தான். இழுத்துப் போகிற சுமைக்கு வேறு கணக்கு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஒருத்திக்குத் தெரிந்திருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பயம் என்று சொன்னால் பொய். உன் அப்பா என்னை ஒரு சொல் கடிந்து பேசியது கிடையாது. அந்தக் காலையில் நீங்கள் மூன்று பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள், நான் ஒரு கையேட்டின் பக்கத்தை வைத்து அதைக் கலைக்க வேண்டுமா என்று தோன்றியது. உண்மையில், இப்படித் தோன்றுவது எனக்கு முதல் தடவை அல்ல. பதினொன்றாம் வகுப்புக்கு உன்னை விடுதிப் பள்ளியில் சேர்த்தோமே, முதல் மாதம் பார்க்க வந்தபோது, மரத்தடியில் உட்கார்ந்து நான் கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே “நல்லா இருக்கேம்மா” என்றாய். உன் பத்து விரலிலும் நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. நீயே கடித்துப் பிய்த்தது. நான் பார்த்தேன். உன் அப்பா பக்கத்தில் வேறொரு பையனின் அப்பாவிடம் உன் மதிப்பெண்ணைச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார். ‘இவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நீ இப்போது அந்த இரண்டு வருஷத்தைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்கிறாய். நான் அந்த விரல்களை மறக்கவில்லை. பாத்திரம் கழுவுவது என் பழைய தப்பிக்கும் வழி என்று இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் மேகலாவின் பெரியம்மா வீட்டுக்குக் கேரவனைக் கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவது திட்டம். காலையிலேயே மேகலாவின் அப்பா ஒரு சரக்கு ஆட்டோவில் வந்து, கல் கிரைண்டர், இரண்டு சிப்பம் அரிசி மூட்டை, மூன்று டின் கை முறுக்கு எல்லாம் இறக்கினார். “ஊட்டுச் சாமான் உள்ள இருந்தாத்தானுங்க ஊடு மாதிரி இருக்கும்” என்றார். எல்லாம் பின்கதவு வழியாக ஏறிப் பின்னாலேயே உட்கார்ந்தது. கிரைண்டரைத் தூக்கி வைக்க நானும் ஒரு கை கொடுத்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ராசிபுரம் பிரிவைத் தாண்டும் வரை நன்றாகத்தான் போனது. நீ ஓட்டினாய், அப்பா பக்கத்தில், நானும் மேகலாவும் பின்னால். ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில் ஒரு பஸ் நம்மை வேகமாகக் கடந்து போனது. அதன் காற்று தள்ளியதும் கேரவன் ஒரு ஓரமாக நகர்ந்தது. திரும்ப வந்தது. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தூரம் போனது. அதற்கடுத்த தடவை ஜீப்பின் பின்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு போனது. “அட கெரகமே! பிரேக்கப் புடி, பிரேக்கப் புடி!” என்று அப்பா கத்தினார். நீ பிடிக்கவில்லை. உன் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் உறைந்து நின்றதை, ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் தானாக மேலே வந்ததை, நான் பின்னாலிருந்து பார்த்தேன். இறக்கம் முடிந்து சாலை மேலே ஏறியது. அந்த ஏற்றம்தான் நம்மைக் காப்பாற்றியது. வேகம் குறைந்தது, ஆட்டம் அடங்கியது, நீ ஓரம் கட்டினாய்.

பிறகு அப்பா, “டயர்ல காத்து கொறஞ்சிருக்கும்” என்று இறங்கித் தட்டிப் பார்த்தார். டயர் கல் மாதிரி இருந்தது. “காத்து அடிச்சிருக்கும்” என்றார். “தென்ன ஓலை கூட ஆடலீங்கப்பா” என்றாய். மேகலா போய்க் கேரவனின் கதவைத் திறந்தாள். உள்ளே தரை முழுக்க முறுக்கு நொறுங்கிக் கிடந்தது. அவள் அந்த நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “மூணு டின்னுல ஒண்ணு கூட முழுசா இல்லீங்க” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்கத்தை, காலைல மாமா மூக்கத் தூக்கிக் காட்டுனப்ப நீங்க என்னமோ சொல்ல வந்தீங்கல்ல? வாயத் தொறந்தீங்க. பொறகு டம்ளர எடுத்துட்டுப் போயிட்டீங்க.”

இருபத்துநான்கு வருஷத்தில் யாரும் கவனிக்காத ஒன்றை அந்தப் பெண் கவனித்திருந்தாள். இனி எங்கே போய்ப் பாத்திரம் கழுவுவது? நெடுஞ்சாலை ஓரத்தில் தண்ணீர்க் குழாய் இல்லை. “பின்னால கனம் சாஸ்தி. மூக்குல கனமே இல்ல. இப்படி இருந்தா ஆடும்னு பொஸ்தகத்துல போட்டிருக்குது” என்றேன்.

“எந்தப் பொஸ்தகம்?” என்றார் அப்பா.

“அந்தப் பெட்டியோட வந்துச்சேங்க.”

“அது இங்கிலீசுல இருந்துச்சே.”

“ஆமாங்க. படிச்சேன். ரெண்டு மாசம் ஆச்சு.”

அவர் டயரை விட்டுவிட்டு என் பக்கம் வந்தார். “ரெண்டு மாசமா வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?”

“இல்லீங்க மாமா, முறுக்கு” என்று மேகலா ஒரு துண்டை அவரிடம் நீட்டினாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. உனக்கு மட்டும் வரவில்லை. “நானும் பாதி படிச்சேம்மா. அப்பா வேண்டாம்னாரு, மூடி வெச்சுட்டேன்” என்று சொல்லிவிட்டு, அப்படியே திருப்பி, மாட்டு வண்டி வேகத்தில் பட்டறைக்குக் கொண்டு வந்து நிறுத்தினாய். தார்ப்பாயைப் போட்டு மூடினாய். “இனிமே இத நான் எடுக்க மாட்டேன். நாங்க பஸ்ல போயிக்கிறோம்” என்றாய். மறு நாள் காலை நீ பழைய கம்பெனி ஆளிடம் போனில் பேசியதைக் கேட்டேன். “திரும்ப எடுத்துக்குவீங்களா சார்” என்றாய். ஒரே நாளில் உன் குரல் விடுதி மரத்தடிக் குரலாக மாறியிருந்தது. வண்டி ஆடியதை விட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அன்று நான் கையேட்டை எடுத்துக்கொண்டு நேராக உன் அப்பாவிடம் போனேன். அவர் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும்தான் தெரிந்தது. என்ன செய்கிறார் என்று குனிந்து பார்த்தால், தான் போட்ட இரண்டு ஸ்பிரிங் பட்டையையும் கழற்றிக்கொண்டிருந்தார். உன் அப்பா மன்னிப்புக் கேட்கும் விதம் அது. நின்றபடியே கையேட்டின் முதல் வரியைத் தமிழில் சொன்னேன். “மேல படி” என்றார் அடியிலிருந்து. ஜீப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இங்கிலீஷைத் தமிழாக்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். நடு நடுவே, “இரு, அந்த வரிய இன்னொருக்காச் சொல்லு” என்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து படித்த முதல் புத்தகம் அது.

அதற்கப்புறம் நடந்த வேலையெல்லாம் நீ கூட இருந்து பார்த்ததுதான், முதலில் தூரத்தில் நின்று, பிறகு பக்கத்தில் வந்து. பக்கத்துக் கோழிப் பண்ணையிலிருந்து தீவன மூட்டை எடை போடும் தராசைத் தூக்கி வந்து, அதன் மேல் கேரவனின் மூக்கை இறக்கினோம். நாற்பத்தொரு கிலோ. “இந்த வண்டி எடைக்கு மூக்குல நூத்தி இருவது கிலோவாச்சும் வேணும்” என்றேன். அப்போதுதான் நீ தார்ப்பாயை முழுதாக இழுத்துப் போட்டுவிட்டுக் கையில் ஸ்பேனரோடு வந்தாய். தண்ணீர்த் தொட்டி சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் வந்தது. கிரைண்டர் முன் அலமாரியின் அடித்தட்டுக்கு வந்தது. நூற்று முப்பத்தெட்டு கிலோ. ஜீப்பில் மாட்டினோம். “பாரு, மறுபடியும் உக்காந்துருச்சு” என்றார் அப்பா. “இப்பத்தானுங்க பெட்டியத் தொறக்கணும்” என்றேன். வில் கம்பிகளைக் கொக்கித் தலையில் செருகி, மறுமுனையைச் சங்கிலியால் கேரவனின் சட்டத்தோடு தூக்கிக் கட்டியபோது, ஜீப்பின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. எழும்பியிருந்த முன்பக்கம் கீழே இறங்கியது. உன் அப்பா தொடையைத் தட்டினார். “அட, இது கடப்பாரைடா! மூக்குல குத்தி வெச்சு, அந்தப் பக்கம் தூக்கி நெம்பறோம், அவ்வளவுதானே?” அதற்குப் பிறகு பட்டறைக்கு வந்த ஒவ்வொருவருக்கும், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி, கடப்பாரையை எடுத்துக் காட்டி விளக்கம் சொன்னார். நான் திருத்தவில்லை. சில விஷயங்களை இன்னும் சொல்லாமல் இருக்கலாம்.

புதன்கிழமை லாரி எடை மேடைக்குப் போனோமே, அங்கே இருந்த ஆளை என்னால் மறக்க முடியாது. “என்னங்க லோடு? முட்டையா, தீவனமா?” என்றார்.

“ஊடுங்க” என்றாய்.

“ஊடா?” ஜன்னல் வழியே தலையை நீட்டினார். “ஊட்டையே எடை போட வந்த மொத ஆளு நீங்கதான். ஜீப்புல ஆரு அது? எறங்கச் சொல்லுங்க. மருமகளச் சேத்து எடை போட்டா பொறகு சண்டை வரும்.”

“எறங்க மாட்டேனுங்க” என்று மேகலா உள்ளிருந்தே சொன்னாள். “போற அன்னிக்கு நானுந்தான் இருப்பேன்.” சரியான பேச்சு. போகிற அன்றைக்கு எது எது ஏறுமோ அதோடுதான் எடை பார்க்க வேண்டும். ஜீப்பின் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி மூன்று தடவை பார்த்தோம்: தனியாக, கேரவனை மாட்டி, கம்பிகளையும் மாட்டி. கேரவனை மாட்டியதும் முன் சக்கரத்திலிருந்து அறுபது கிலோ போல காணாமல் போயிருந்தது. கம்பிகளை மாட்டி, சங்கிலியில் ஒரு கண்ணி கூடுதலாக இழுத்ததும், அதில் பெரும்பகுதி திரும்பி வந்தது. “பாதிப் பாதி வண்டியா ஏத்துறீங்களே, உங்க ஊட்டுல கக்கூசு மட்டும் தனியா எடை போடணுமா?” என்றார் அந்த ஆள். நீ அன்றைக்குத்தான் சிரித்தாய். மூன்று நாள் கழித்து.

வெள்ளிக்கிழமை அதே சாலை, அதே மேம்பாலம். மேகலா ஒரு புது முறுக்கு டின்னைத் திறந்து கேரவனின் மேசை மேல் வைத்துவிட்டு வந்தாள். “இதுதானுங்க மீட்டர்” என்றாள். இறக்கத்தில் அப்பா பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு, “இந்தா ஒரு பஸ்ஸு வருது. பக்கத்துல வந்துருச்சு. போயிருச்சு. ஆடலே!” என்று கிரிக்கெட் வர்ணனை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். கம்பிகளோடு சேர்ந்த அந்த உராய்வுப் பட்டை, கேரவன் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் முனகியது. எனக்கு அந்த முனகல் நாதஸ்வரம் மாதிரி கேட்டது. ஃபேர்லேண்ட்ஸில் பெரியம்மா டின்னிலிருந்து ஒரு முழு முறுக்கை எடுத்துக் கடித்தபோது, நாம் நான்கு பேரும் ஏன் அப்படிச் சத்தம் போட்டோம் என்று அவருக்குக் கடைசி வரை புரியவில்லை. திரும்பும் வழியில் நீயே கம்பெனி ஆளுக்குப் போன் செய்து, “வரலீங்க சார்” என்றாய்.

புத்தி சொல்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் மாமியார் ஆனதற்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டி ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காதே, ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாதே. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு, கேரவனின் சக்கரங்களை மட்டும் பிடிக்க நீ இப்போது ஜீப்பில் புதிதாக வைத்திருக்கும் கைப் பிரேக் பொத்தானை மெல்ல அழுத்து. அதை நீ செய்வாய். உராய்வுப் பட்டை இருக்கிறது என்ற தைரியத்தில் தப்பாக ஏற்றிய சுமையை இழுத்துக்கொண்டு போகாதே. அது சின்ன ஆட்டத்தை அடக்கும், பின்னால் குவிந்த சுமையைச் சரி செய்யாது. ஒவ்வொரு ஊரிலும் ஏதாவது வாங்குவீர்கள், யாராவது ஏதாவது கொடுப்பார்கள், பின்கதவுதான் கைக்கு எட்டும். நிறுத்தும் இடமெல்லாம் மூக்கை ஒரு தடவை தூக்கிப் பார். பூ மாதிரி இருந்தால் புறப்படாதே. இன்னொன்று மேகலாவைப் பற்றி. என் மாதிரி அவள் வாயை மூடுகிறவள் இல்லை, நல்ல காலம். இருந்தாலும் என்றைக்காவது அவள் வாயெடுத்துவிட்டு நிறுத்தினால், அவள் என்னிடம் கேட்ட மாதிரி நீ அவளிடம் கேள். வண்டி கிளம்பும் முன் கேள். உனக்கும் அதேதான். என் மகன் நீ. பாதி படித்துவிட்டு மூடி வைக்கும் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

நீங்கள் புறப்பட்ட திங்கட்கிழமை காலையில் நீ ஜீப்பின் முன்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருந்தாய். அதனால் முழுதாகப் பார்த்திருக்க மாட்டாய். ஏழரைக்கு ராகு காலம். ஏழேகாலுக்கு மேகலாவின் அப்பா ஆட்டையாம்பட்டியிலிருந்து நான்கு சிப்பம் அரிசியோடு வந்து இறங்கினார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் பின்கதவு வழியாக உள்ளே தள்ளினார்கள். வாசலில் நாற்பது பேர். ஆரத்தித் தட்டு தயார். பக்கத்தில் கழுவ வேண்டிய காபி டம்ளர்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. அதை நான் பார்த்தேன்.

“சம்பந்தி, அரிசிய முன்னால மாத்தணுங்க” என்றேன். எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது.

“இருக்கட்டுமுங்க. ராகு காலம் வந்துரும்.”

“வரட்டுமுங்க. பின்னால கனம் இருந்தா வண்டி ஆடும்.”

எல்லோரும் உன் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் ஏற்கெனவே தீவனத் தராசை எடுக்கப் பக்கத்துப் பண்ணைக்கு நடக்க ஆரம்பித்திருந்தார். “மாத்துங்க, மாத்துங்க” என்றார் திரும்பாமலே. “அவ சொன்னா எடை மேடை சொன்ன மாதிரி.”

இரண்டு சிப்பம் முன்னால் போனது, இரண்டு சிப்பம் பட்டறையிலேயே இறங்கியது. மூக்கு நூற்று நாற்பத்திரண்டு கிலோ. அதற்குள் ராகு காலம் வந்துவிட்டது. எல்லோரும் இரண்டாவது காபி குடித்தார்கள். ஒன்பது ஐந்துக்கு நீங்கள் புறப்பட்டீர்கள். மூன்று மணிக்கு மதுரையிலிருந்து மேகலா ஒரு படம் அனுப்பினாள்: மேசை மேல் திறந்த டின், உள்ளே முறுக்கு, எல்லாம் முழுசு.